மீனுக்கு முத்து போட்டது

கப்பலேறிக் கடல் கடந்து வந்த அந்த இரண்டு மீன்களும் பாலக்கரைக்கு வந்து சேர்ந்தது என்னவோ ஒற்றை மாட்டு வண்டியில்தான். வண்டி நிறைய வைக்கோல். வைக்கோலுக்கு நடுவே நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் பக்கத்தில் வாயில் வேடு கட்டிய இரண்டு மண்பானைகள். ராசப்பன் பானைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பள்ளம் மேடு வரும்போதெல்லாம், "மெதுவா, அண்ணே, மெதுவா" என்று வண்டிக்காரரைக் கெஞ்சிக்கொண்டே வந்தான். பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவன்கூட இத்தனை பதறமாட்டான் என்று தெரு சிரித்தது.

ராசப்பன் ரயில்வே பட்டறையில் வயர்மேன். அவனுடைய ஆபீசர் மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே போகிறார். கல்யாணமாகாத மனிதர், வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம், மீனைப் பூட்டி வைக்க முடியாது. அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்க்கிறவன், சிங்கப்பூரிலிருந்து ஆறு கொண்டு வந்து கொடுத்ததில் மிஞ்சியது இந்த இரண்டு. காற்று ஊதும் மோட்டாரும், பனி நாளில் தண்ணீரைச் சூடு பண்ணும் கம்பிச்சுருளும் ராசப்பன் கைவேலை. அதனால் மீனும் அவன் தலையில் விழுந்தது.

"ஜோடி மீனு, ராசப்பா. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொன்னாராம். அந்த ஒரு சொல்லுக்காக ராசப்பன் ஆறு மாடி ஏறிக் குதிப்பான்.

மீனின் பெயர் டிஸ்கஸ். அது தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கே அப்பள மீன் ஆகிவிட்டது. பேரில் தப்புச் சொல்ல முடியாது. உளுந்தப்பளம் போல வட்டமாக, தட்டையாக, நிமிர்ந்து நின்றது. உடம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள், முகத்தில் நீலக் கோடுகள், கண் மட்டும் குங்குமச் சிவப்பு. அந்தக் கண்தான் ராசப்பன் பெண்டாட்டி அழகம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"என்னாங்க இது, மொறைச்சுப் பாக்குது?"

"அது பாக்குறதே அப்படித்தான், புள்ள."

"கொழம்பு வைக்கிற மீனு இப்படிப் பாக்காதுங்க."

"சத்தமாச் சொல்லாதே. அதுக்குக் கேட்டுறப் போவுது" என்றான் ராசப்பன். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அழகம்மாளுக்குப் பயம் கூடவே பிறந்ததல்ல. கல்யாணமாகி வந்த புதிதில் தெருவில் பாம்பு வந்தபோது விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முதலில் ஓடியவள் அவள்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூன்று வயது மகன் அழகிரியைப் பெரியம்மை கொண்டு போயிற்று. குழந்தை போன வாசல் வழியாகப் பயம் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மை குத்துகிறவர்கள் வந்து அவன் கையில் குத்திவிட்டுப் போன மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. அதிலிருந்து எட்டு நாள்தான். குத்தினதால்தான் அம்மை வந்தது, கூப்பிடாமல் இருந்த தாயைக் கூப்பிட்டு விட்டார்கள் என்பது அழகம்மாள் கண்ட கணக்கு. அடுத்த வருஷம் பிறந்த செல்லக்கிளிக்கு இப்போது நாலு வயது. அவள் கையில் ஊசி படவே இல்லை.

அது ராசப்பனுக்குத் தெரியாது. "குத்தியாச்சுங்க, ஆனா பிடிக்கலையாம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தாள். பிடிக்காவிட்டால் தழும்பு இருக்காது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். அவனும் நம்பிவிட்டான்.

மீன் வந்ததும் வீட்டில் வேலை இரண்டு மடங்காயிற்று. பாலக்கரைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. அந்த மகாராசா மீனுக்கு இரண்டும் ஆகாது, ஆற்றுத் தண்ணீர்தான் வேண்டும். பங்குனி, சித்திரையில் காவிரியில் ஏது தண்ணீர்? மணல்தான். ராசப்பன் விடிந்ததும் சைக்கிளின் இரு பக்கமும் தகர டின்களைக் கட்டிக்கொண்டு பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துப் பக்கம் போவான். மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை குத்துக்காலிட்டுக் காத்திருந்து, சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பிக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமையானால் அழகம்மாளும் குழந்தையும்கூடப் போவார்கள். புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு, ஆற்று மணலில் விற்கும் வெள்ளரிப் பிஞ்சை வாங்கிக் கடித்துக்கொண்டு, பாலத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். மீனால் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

தீனி இன்னொரு பாடு. ஆட்டு ஈரலை நரம்பு நீக்கி, கடுகளவுக்கு அரிந்து, மூன்று தண்ணீரில் அலசிப் போட வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் உய்யக்கொண்டான் வாய்க்காலில் இறங்கி, சேற்றில் நெளியும் சிவப்புப் புழுவை வடிகட்டி எடுத்து வர வேண்டும். மிச்சம் விழுந்தால் தண்ணீர் கெட்டுவிடும், கெட்டால் மீன் கறுத்துவிடும், கறுத்தால் ஆபீசர் முகம் கறுத்துவிடும். "எனக்கு வந்த மாமியா தங்கமான மனுஷி. இதுங்கதான் எனக்கு மாமியா" என்பாள் அழகம்மாள்.

சித்திரை பாதியில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்து மணப்பாறைப் பக்கம் ரயில் பாதையோரக் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. ராசப்பனை ஐந்து நாள் வேலைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கிளம்புமுன் தொட்டிக்கு முன்னால் நின்று பார்த்தான். நாலைந்து நாளாகவே மீன்கள் ஒரு மாதிரியாக இருந்தன. உள்ளே கவிழ்த்து வைத்திருந்த மண் பூந்தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தன. நிறமும் மங்கியிருந்தது.

"ஆத்துத் தண்ணி கொல்லைத் தொட்டியில நிரப்பியிருக்கேன். நாளுக்கு ஒரு வாளி மாத்து. வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான்.

"கறுத்துக் கெடக்கே?"

"வெயிலுக்கு எல்லாந்தான் கறுக்குது. நீயும்தான் கறுத்துட்டே" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் போன மறுநாள், பின்தெருவில் செங்கல் வண்டிக்காரர் வீட்டு நிலையில் வேப்பிலை சொருகியிருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்த வீட்டுப் பையனுக்குப் பெரியம்மை. கேட்டதும் அழகம்மாள் செல்லக்கிளியைத் தேடி ஓடினாள். முந்தாநாள்தான் ஆட்டுக்குட்டி பார்க்கிறேன் என்று செல்லக்கிளி அந்த வீட்டுக்குள் போய் விளையாடிவிட்டு வந்திருக்கிறாள். குழந்தையின் சட்டையைக் கழற்றி முதுகு, வயிறு, அக்குள் எல்லாம் தடவிப் பார்த்தாள். கழுத்தில் வேர்க்குரு மட்டும் இருந்தது. வேர்க்குருவா? அதையே பத்துத் தடவை பார்த்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை, ஈரலை அரிந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தொட்டி இருந்த அறைக்குள் நுழைந்தாள். ஜன்னல் வழியாகச் சாய்வாக வெளிச்சம் விழுந்திருந்தது. பெரிய மீன் பூந்தொட்டிக்கு வெளியே வந்து அசையாமல் நின்றது. உடம்பு கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பின் மேல், செவுளிலிருந்து வால்வரை, இண்டு இடுக்கு இல்லாமல் பொடிப் பொடியாக முத்து.

கிண்ணம் கையிலிருந்து விழுந்து உருண்டது.

அழகிரியின் உடம்பில் அவள் பார்த்த அதே முத்து. கசகசாவைத் தூவினது போலத் தொடங்கி, மூன்றாம் நாள் கேழ்வரகாகி, ஆறாம் நாள்... அதற்கு மேல் நினைக்க அவளால் முடியவில்லை. அம்மா வந்துவிட்டாள். தெருவைத் தாண்டி வந்தவள், முதலில் மீன் மேல் இறங்கியிருக்கிறாள். அடுத்து யார் மேல் என்று அழகம்மாளுக்குத் தெரியும்.

கிட்டே போய்ப் பார்த்தாளா என்றால், இல்லை. அம்மை வார்த்த உடம்பை உற்றுப் பார்க்கக் கூடாது, வாயால் நோய் என்று சொல்லக் கூடாது. இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து வெளியே வந்தாள். இன்னும் இரண்டு அடி முன்னால் வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. பயந்தவளுக்கு இரண்டடி என்பது இரண்டு காதம்.

பிறகு அவள் செய்ததெல்லாம் முறைப்படி செய்தாள். ஈரலைக் குழி தோண்டிப் புதைத்தாள்; அம்மா வந்த வீட்டில் கவிச்சி ஆகாது. வாசலில் சாணம் தெளித்து, நிலையில் வேப்பங்கொத்து சொருகினாள். இன்னொரு கொத்தை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மீன் தொட்டியின் மூடி மேல் வைத்தாள். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை, தாளிக்கவில்லை. கம்பங்கூழும் மோரும்தான். "தாயே, கறி போட்ட கை என் கை. கொழந்த மேல கோவிச்சுக்காதே. நான் செஞ்ச தப்புக்கு என்னை எடுத்துக்க" என்று அடுக்களையில் நின்று அழுதாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அமிர்தம் குழாயடிக்குப் போகிறவள் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவின் எதிர்ச் சாரியிலேயே நின்றுவிட்டாள். இடுப்பில் குடம், இன்னொரு இடுப்பில் இரண்டு வயதுப் பையன் ரெங்கராஜ்.

"அக்கா! யாருக்கு?"

அழகம்மாள் என்ன சொல்வாள்? மீனுக்கு என்று சொன்னால் தெரு சிரிக்கும். சிரித்தால் அம்மா கோபித்துக்கொள்வாள்.

"வீட்டுக்கு வந்திருக்கா" என்றாள்.

"கிளிக்காக்கா?"

"இல்லடி. அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன அண்ணன் ஊர்ல இல்லையே. உனக்கா?"

"எனக்கும் இல்ல."

அமிர்தத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மேலே கேட்கக் கூடாது என்பது விளங்கியது. "எதுவானாலும் பாத்துக்க. இந்த வேப்பிலையைக் கண்டா குத்தூசி நாளைக்கே வந்துருவா. பிள்ளையை அண்டாக்குள்ள வச்சிரு, நான் கொடத்தைத் தட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, பையனை முந்தானைக்குள் மூடிக்கொண்டு போனாள்.

குத்தூசி என்பது ரங்கநாயகிக்குத் தெரு வைத்த பேர். ஸ்ரீரங்கத்து மாமி, முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மை குத்தும் உத்தியோகத்தில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவள். அவள் தெருமுனையில் தலை காட்டியதும் குழாயடியில் யாராவது ஒருத்தி பித்தளைக் குடத்தை மூன்று தடவை தட்டுவாள். அடுத்த நிமிஷம் தெருவில் ஒரு குழந்தையைப் பார்க்க முடியாது. எல்லாம் அண்டாவுக்குள், கூடைக்குள், கூரை இடுக்குக்குள் போய்விடும். இந்த ஏற்பாட்டைச் செய்தது வேறு யாருமில்லை, நம் அழகம்மாளேதான்.

மறுநாள் பத்து மணிக்குக் குடம் மூன்று தடவை ஒலித்தது.

செல்லக்கிளியை அண்டாவுக்குள் உட்கார வைத்துத் தட்டை மூடினாள் அழகம்மாள். வாசலுக்கு வந்து நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள். ரங்கநாயகி குடையை மடக்கினாள். அவளுக்குப் பின்னால் சேவகர் பெரியண்ணன் மருந்துப் பெட்டியோடு நின்றார்.

"யாருக்கும்மா வந்திருக்கு?"

"யாருக்கும் இல்லீங்க நர்ஸம்மா."

"யாருக்கும் இல்லாமயா வேப்பிலை சொருகினே? தோரணமா?"

"வேண்டுதலுங்க."

"இதோ பாரு. நான் காலம்பற அஞ்சு மணிக்குக் கெளம்பினவ. அந்தச் செங்கல் வண்டிக்காரராத்துக் குழந்தையைப் பாத்துட்டு வரேன். அது பிழைக்கறது பெருமாள் கைல இருக்கு. என்கிட்ட விளையாடாதே. உள்ள யாரு படுத்திண்டிருக்கா?"

"யாரும் படுத்துக் கெடக்கலீங்க... நிக்குதுங்க."

"என்னது, நிக்கறதா?"

அழகம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "மீனுக்குங்க" என்றாள்.

பெரியண்ணன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைப் பொத்தினார். ரங்கநாயகி சிரிக்கவில்லை. பதினோரு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ பொய் கேட்டவள்; இப்படி ஒரு பொய்யை யாரும் சொன்னதில்லை. ஆகையால் இது நிஜமாக இருக்கும் என்று தோன்றியது.

"தள்ளு" என்று உள்ளே போனாள். அறை வாசலில் கவிச்சி வாடைக்கு மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வேப்பங்கொத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தொட்டியின் மேல் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

"பாக்காதீங்க நர்ஸம்மா. ஆகாது."

"இரு... அடி, இங்க வா. இந்த முத்துக்குக் கண் இருக்குடி!"

அழகம்மாள் அசையவில்லை.

"வான்னா வா! ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கண்ணு. வால் வேற. ஆட்டறது பாரு."

அப்போது பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து மற்ற மீன் வந்து பெரிய மீனை உரசினாற்போல நின்றது. பெரிய மீன் உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. முத்து அத்தனையும் கும்பலாக உதிர்ந்து, தண்ணீரில் ஒரு நொடி தத்தளித்து, அடுத்த மீனின் உடம்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்ட உடனே தலையை ஆட்டி ஆட்டி உடம்பைக் கொத்தத் தொடங்கியது.

"அம்மை இடம் மாறி உக்காருமாடி?" என்றாள் ரங்கநாயகி. "குஞ்சுடி இது. குஞ்சு! உடம்புல ஊறற வழவழப்பைத் தின்னுண்டு இருக்கு. பெருமாளே, மத்ஸ்யாவதாரம்னு சேவிச்சிருக்கேன். பால் குடுக்கற மத்ஸ்யத்தை எந்தப் புராணத்துலயும் சொல்லலியே!"

அழகம்மாள் மெல்ல முன்னால் வந்தாள். முதலில் ஓர் அடி. பிறகு இன்னோர் அடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருநூறு உயிர்கள் தகப்பன் உடம்பை மேய்ந்துகொண்டிருந்தன. தாய் மீன் சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்கியது. அதன் தோல் அங்கங்கே பிய்ந்து வெளுத்திருந்தது. இரண்டு நாளாக ஈரல் இல்லை, புழு இல்லை. பட்டினி கிடந்துகொண்டு பிள்ளைகளுக்குத் தன்னையே கொடுத்துக்கொண்டிருக்கிறது. "அடிப் பாவி, நான் பட்டினி போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டு, அடுக்களையில் அண்டாவின் மூடி கலகலவென்று கீழே விழுந்தது. "அம்மா, நானும் பாக்குறேன்" என்றது ஒரு குரல்.

ரங்கநாயகி திரும்பிப் பார்த்தாள். செல்லக்கிளி ஓடிவந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். கையில்லாத சட்டை. இரண்டு தோளும் வழவழவென்று, தழும்பில்லாமல் இருந்தன.

"இந்தத் தெருவுல நாலு வயசுக் குழந்தையே இல்லைன்னு எழுதிண்டு போயிருக்கேன்" என்றாள் ரங்கநாயகி. குரலில் கோபம் இல்லை. அது அழகம்மாளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வேணாங்க நர்ஸம்மா. காலைப் பிடிச்சுக்கிறேன். குத்தித்தான் என் பையன் போனான்."

"எப்போ?"

"அஞ்சு வருஷம் ஆச்சுங்க. மாசி மாசம்."

"குத்தி எத்தனாம் நாள் ஜுரம் வந்துது?"

"மூணாம் நாளுங்க."

"உக்காரு" என்றாள் ரங்கநாயகி. தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் சொல்றதைக் கேளு. இந்த நோய் உள்ள பூந்தா உடனே வெளில வராது. பன்னெண்டு நாள் பதுங்கிண்டு இருக்கும். அப்பறந்தான் ஜுரம். குத்தி மூணாம் நாள் ஜுரம்னா, குத்தறதுக்கு ஒன்பது நாள் முன்னாடியே அது குழந்தைக்குள்ள வந்துடுத்து. ஊசி கொண்டு வரலை. ஊசி வந்தபோது நாழியாயிடுத்து."

அழகம்மாள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள்.

"அந்த வருஷம் மாசிக்கு முந்தி யாரும் குத்த வரலியா?"

அழகம்மாள் செல்லக்கிளியின் சட்டையை இழுத்து இழுத்து விட்டாள்.

"கேக்கறேனே."

"தை மாசம் வந்தாங்க."

"அப்போ?"

"குத்தினா அழுவானேன்னு கூரை மேல ஒளிச்சு வச்சிட்டேங்க" என்றாள் அழகம்மாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஐந்து வருஷமாக யார் யாரையோ வைது தீர்த்திருக்கிறாள். குத்தினவனை, தெருவை, தெய்வத்தைக்கூட. ஒளித்து வைத்த தன் இரண்டு கைகளையும் இப்போது மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் தேவலை.

ஆறுதல் சொல்ல ரங்கநாயகிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லாததைச் சொல்லும் வழக்கமும் இல்லை.

"இவ அந்த வண்டிக்காரராத்துக்குப் போனாளா?" என்றாள்.

"போனா. இன்னையோட நாலு நாள் ஆவுதுங்க."

"நாலா?" ரங்கநாயகி எழுந்துவிட்டாள். "பெரியண்ணன், பெட்டியத் திறங்கோ. சீக்கிரம்! நாலுக்குள்ளன்னா இன்னும் வழி இருக்கு. நாளைக்குன்னா நான் வந்தும் பிரயோஜனம் இல்லை."

"குத்தினா வராதா நர்ஸம்மா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள இருந்தா, அதுக்கு முன்னாடி இது ஓடிப் பிடிக்கணும். ரெண்டுக்கும் ஓட்டப் பந்தயம். குத்தலைன்னா பந்தயமே இல்லை."

பெரியண்ணன் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து, முள் வைத்த சின்ன வட்டத் தகட்டை அனலில் காட்டினார். செல்லக்கிளி வீரிட்டாள். அழகம்மாளுக்கு உள்ளுக்குள் ஒன்று, தூக்கிக்கொண்டு ஓடு, ஓடு என்றது. அவள் குழந்தையை மடியில் இருத்தி, பிஞ்சுத் தோளைத் தன் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மருந்துத் துளியின் மேல் தகட்டை வைத்து ஒரு திருகு. இன்னோர் இடத்தில் இன்னொரு திருகு. அவ்வளவுதான். ஆறேழு நாளில் அங்கே முத்து எழும்பும், எழும்பினால் பிடித்துவிட்டது என்று அர்த்தம், எழும்பாவிட்டால் சொல்லி அனுப்பு, எட்டாம் நாள் நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ரங்கநாயகி குடையை விரித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனாள்.

மறுநாள் ராசப்பன் வந்தான். மணப்பாறை முறுக்குப் பொட்டலத்தைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு நேராகத் தொட்டியிடம் போனான். போனவன் கத்தின கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது.

"அடியே! குஞ்சு பொரிச்சிருக்குடி! ஆபீசர் அய்யா நாலு வருஷமாத் தவமா கெடந்தாரு. தந்தி அடிக்கணும்!"

அவன் குதிப்பதை அழகம்மாள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தச் சந்தோஷத்தில் ஒரு பொழுதாவது அவன் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. ஆனால் இன்றைக்கு மூடினால் என்றைக்கும் மூடிவிடுவோம் என்றும் தெரிந்தது.

"என்னாங்க, உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்கிளியை ஒளித்தது, பிடிக்கவில்லை என்று பொய் சொன்னது, வண்டிக்காரர் வீடு, நாலு நாள். கடைசியாகத் தை மாதத்தையும் சொன்னாள்.

ராசப்பன் கையில் எடுத்த முறுக்கு கையிலேயே இருந்தது.

"அழகிரியையும் ஒளிச்சியா?"

"ஆமாங்க."

"எங்கிட்ட அவங்க வரவே இல்லைன்னியே?"

"ஆமாங்க."

அவன் அடிக்கவில்லை, வையவில்லை. எழுந்து போய்த் தொட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் டின்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். திரும்பி வந்து டின்னை இறக்கிவிட்டு, "புள்ள கையக் காட்டு" என்றான். அழகம்மாள் காட்டினாள். இரண்டு சிவந்த புள்ளிகள் மட்டும் இருந்தன. பார்த்துவிட்டுப் புழு எடுக்கப் போனான். ஐந்து நாள் அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான்: "கையக் காட்டு." காட்டுவாள். பார்ப்பான். போவான்.

அந்த நாட்களில் அழகம்மாள் மீனைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தாள். ஈரலை முன்னைவிடப் பொடியாக அரிந்தாள். பெரிய மீன்கள் தின்றன. குஞ்சுகள் பெரிய மீன்களைத் தின்றன. இருநூறு நூற்றைம்பதாயிற்று, நூற்றிருபதாயிற்று. செத்ததைச் சிரட்டையில் எடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்ச் செல்லக்கிளியின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். வெயிலில் நெற்றி எப்போதும் சுடத்தான் செய்தது. அது எந்தச் சூடு என்று தெரியாமல் தன் நெற்றியையும் தொட்டு ஒத்துப் பார்ப்பாள்.

ஏழாம் நாள் காலையில் முத்து எழும்பியிருந்தது. இரண்டு இடத்திலும் இரண்டு. சுற்றிலும் சிவந்து, நடுவில் குழி விழுந்து, பால் கட்டினாற்போல.

"என்னாங்க" என்று கூப்பிட்டாள்.

ராசப்பன் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு செல்லக்கிளியைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழகிரி இருந்தா இப்ப ஸ்கூலுக்குப் போவான்" என்றான். அப்போதுதான் அழகம்மாளுக்கு அழுகை வந்தது. ஐந்து வருஷத்து அழுகை. அவன் அவள் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். மன்னித்துவிட்டான் என்று சொல்ல முடியாது. கையை எடுக்கவில்லை.

முத்து எழும்பியதால் பயம் போய்விட்டதா? எங்கே போகும். பன்னிரண்டு நாள் ஆக இன்னும் ஒரு நாள் இருந்தது. அதற்கு மேலும் நாலு நாள் பார்க்க வேண்டும் என்று பெரியண்ணன் வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எட்டாம் நாள் பத்து மணிக்குக் குழாயடியில் குடம் மூன்று தடவை ஒலித்தது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. அழகம்மாள் அரிந்துகொண்டிருந்த ஈரலை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். தெரு துடைத்து வைத்தாற்போல இருந்தது. முனையில் ரங்கநாயகியின் குடை வந்துகொண்டிருந்தது.

அழகம்மாள் நேராக அமிர்தம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். அமிர்தம் கவிழ்த்த கோழிக் கூடையின் மேல் பழம்புடவையைப் போட்டு மூடி, அதன் பக்கத்தில் அரிசி புடைக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள். முறத்தில் அரிசி இல்லை.

"பையனை எடு, அமிர்தம்."

"அய்யோ, அக்கா! நீயா சொல்றே? நீதானேக்கா இதெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"நாந்தான். அதனாலதான் முதல்ல உன் வீட்டுக்கு வந்தேன்."

"கிளி நல்லாருக்காளா? தப்பிச்சுட்டாளா? அதைச் சொல்லு, எடுக்கிறேன்."

பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அழகம்மாளுக்குத் தெரியும்.

"இன்னும் தெரியாதுடி" என்றாள்.

கூடைக்குள்ளிருந்து ரெங்கராஜ் சிணுங்கினான். அமிர்தம் கூடையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அழுதாள். "எனக்குப் பயமா இருக்குக்கா."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அழகம்மாள். கூடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விளிம்பைப் பிடித்தாள். "நீ அந்தப் பக்கம் தூக்கு."